ஆறு கேன்

போட்டிக்கு இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருந்தது. அல்சூர் ஏரிக்கரையோரம், இடுப்பளவுத் தண்ணீரில் தெப்பம் ஆடிக்கொண்டிருந்தது. மூங்கில் தட்டிக்கு அடியில் மூடி இறுக்கிய ஆறு காலி கேன்கள். ஒரு கேன் முழுக்க அமிழ்ந்தால் இருபது லிட்டர் தண்ணீரைத் தள்ளும். இருபது கிலோவைத் தாங்கும். ஆறுக்கு நூற்றிருபது. குறைந்த கேன்களில் இரண்டு பேரைச் சுமக்கும் தெப்பத்துக்குத்தான் பரிசு. எதிர்க் கல்லூரிக்காரர்கள் ஏழு கேன் கட்டியிருந்தார்கள்.

கணக்கு நிருபமாவுடையது. பி.எஸ்ஸி. கடைசி வருடம். மூன்று வருடத்தில் வகுப்பில் அவள் பெயர் அடிபட்டது இந்தக் கணக்கால்தான்.

கூட ஏறப்போகிறவள் வகுப்புத் தோழி வீணா. போன வாரம் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் எடை மெஷின்மேல் ஏறி, அட்டையை பிளாட்பாரத்துக்கே படித்துக் காட்டினாள்.

"நாப்பத்தாறுடி! நீ ஏறு."

வகுப்புப் பையன்கள் அந்த மெல்லிய இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிருபமாவுக்கு வயிறு எரிந்தது.

"வீட்லயே பாத்துட்டேன். நாப்பத்தெட்டு" என்றாள்.

தெப்பத்தின் எடை இருபது. மொத்தம் நூற்றுப் பதினாலு. ஆறு கிலோ மிச்சம். மிதக்க வேண்டும்.

முதலில் வீணா ஏறினாள். தெப்பம் பாதி அமிழ்ந்து நின்றது. நிருபமா ஏறினாள். கேன்கள் மறைந்தன. தட்டி மறைந்தது. வீணாவின் கொலுசு மறைந்தது.

"ஏம்மா, ரெண்டே பேர்தானா? அடியில யாராச்சும் தொங்குறாங்களா?" என்றார் கரையில் நின்ற படகுக்காரர் முனிராஜ்.

வீணா சிரித்துக்கொண்டே தண்ணீரில் குதித்தாள். "ஏதோ கேன் ஓட்டை சார்" என்றாள் கரையில் நின்ற பேராசிரியரிடம்.

பேராசிரியர் சேஷகிரி கேன்களை அவிழ்க்கச் சொல்லி, ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"அப்போ உன் கணக்குதாம்மா தப்பு" என்றார் நிருபமாவிடம். "வீணா, நீ புதுசா போட்டுடு. நாளைக்கு ஜட்ஜுங்ககிட்டயும் நீயே எக்ஸ்பிளெயின் பண்ணு. உனக்குப் பேச்சு நல்லா வரும்."

"ஓ, பண்றேன் சார்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! இடுப்பு அவளுக்கு, சிரிப்பு அவளுக்கு, பையன்கள் அவளுக்கு. இருக்கட்டும். இதையும் அவளுக்கே கொடுப்பதா?

"கணக்கு சரிதான் சார்."

"பின்ன எப்படிம்மா முழுகிச்சு?"

வீணா, பையன்கள், முனிராஜ் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஈரத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"என் வெயிட்டு நாப்பத்தெட்டு இல்ல சார்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அறுபத்தொண்ணு."