ஒன்றும் ஊற்றாத வரிசை

...இல்லை, அந்த வரிசை சிவந்திருக்கக் கூடாது, ஆக்சிலியா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள், தட்டில் புரதம் ஊற்றிய குழிகளில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து ஒயின் நிறத்தில் கிடக்கின்றன, அது சரி, அதற்குத்தானே இத்தனை மாதம் மாரடித்தது, பாக்டீரியாவுக்குள் ஜீனை நுழைத்து, குடுவையில் குலுக்கி வளர்த்து, உடைத்து, வடித்து, கடைசியில் அந்தத் துளியை எடுத்தது, எலும்பைத் தின்னும் செல்களைத் தட்டி எழுப்புகிற புரதம், ரேங்க்-எல், அது போய்ச் சொன்னால்தான் அவை எழும், சொல்லாவிட்டால் பேசாமல் கிடக்கும், ஆனால் ஒன்றுமே ஊற்றாமல் ஒப்பிட்டுப் பார்க்க விட்ட வரிசையும், கண்ட்ரோல் வரிசையும் அல்லவா சிவந்து தொலைத்திருக்கிறது? யார் சொல்லி எழுந்தன இவை? கூட வேலை பார்க்கும் நஜீபா தயங்கித்தான் கேட்டாள், "மேடம், கண்ட்ரோல்லயும் ஏதாச்சும் விழுந்திருக்குமோ?" விழுவதற்கு என்ன, வானத்திலிருந்தா விழும் என்று வாய்வரை வந்ததை ஆக்சிலியா விழுங்கிக்கொண்டாள். அந்தத் தட்டுக்கு ஊற்றியது அவள்தான், வேறு யாரும் தொடவில்லை.

இன்றைக்குப் பார்த்தா இப்படி ஆக வேண்டும்... காலையில் கிளாட்வின் போன் பண்ணியிருந்தான், தம்பி, அம்மா போனதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை, குரும்பகரத்தில் பெண்டாட்டி வீட்டோடு போய்விட்டவன், நல்லாருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை, "அக்கா, நீ எலும்பப் பத்தித்தானே ஆராய்ச்சி பண்ற, மறைக்காம சொல்லு, அன்னிக்கு நாம்பாட்டுக்கு அம்மாவத் தூக்காம இருந்திருந்தா தொடை ஒடிஞ்சிருக்காதா?" என்றான், இப்போது என்னடா அதைப் போய் என்றால், "பாப்பா பொறந்து ஒரு மாசமாவுது, ஆன்லின்னு பேரு வச்சிருக்கோம், நான் இன்னும் தூக்கலக்கா, எங்க ஒடிஞ்சிருமோன்னு பயமாருக்கு" என்றான், சாயங்காலம் சொல்றேன் என்று வைத்துவிட்டாள், பாவி, அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா? அம்மாவுக்கு மார்பில் வந்த புற்று இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கிவிட்டது, அங்கேயும் இதே புரதம்தான், தின்னு தின்னு என்று சேதி சொல்லியிருக்கும், டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஆகிப்போன எலும்பு, இருமினாலே ஒடிந்திருக்கும், ஒடிந்திருக்குமா? ஒடியாமலும் இருந்திருக்கலாமே, அதை யார் கண்டது, அடித்துச் சொல்ல வேண்டுமானால் கண்ட்ரோல் வேண்டும், யாரும் தூக்காத இன்னொரு அம்மா, இன்னொரு இருதயமேரி வேண்டும், அதற்கு எங்கே போவது? அம்மா போன அன்றைக்கு வீடு நிறைய ஆள் கூடி நிற்க, நீதான்டா ஒடிச்சே, நீதான் அம்மாவைக் கொன்னே என்று கத்தினாளே, அப்போது மட்டும் எந்தக் கண்ட்ரோலைப் பார்த்தாள்? தொடை ஒடிந்த அந்தச் சத்தம்... டக்கென்று, ஏதோ பெட்டி மூடியைத் திறந்த மாதிரி, இப்போதும் சின்ன டியூபின் மூடியை நெம்பும்போதெல்லாம் அது வந்துவிடுகிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் திறக்கிறாள், நஜீபா அதைப் பார்த்திருக்கிறாள், கேட்டதில்லை.

சரி, ஊற்றிய அன்றைக்கு என்ன நடந்தது, நினைத்துப் பார் ஆக்சிலியா... கல்லறைத் திருநாள், ஆமாம், கல்லறையிலிருந்து நேரே இங்கேதான் வந்தாள், விரலில் மெழுகு ஒட்டியிருந்தது, சோப்பு போட்டும் போகவில்லை, அம்மா கல்லறையில் ஏற்கெனவே ஒரு மெழுகுவத்தி எரிந்து முடிந்திருந்தது, கிளாட்வின் வந்து போயிருக்கிறான், அவள் வருவதற்கு முன்னால் போய்விட வேண்டுமென்று விடியற்காலையிலேயே வந்திருப்பான், அவள் அம்மாவுக்கு ஒன்று ஏற்றிவிட்டு அடுத்ததற்கும் ஏற்றினாள், அதற்கடுத்ததற்கும், சிலுவை உடைந்து பேர் அழிந்து கிடந்தவற்றுக்கும், அம்மா உயிரோடு இருந்தபோது வருஷா வருஷம் சொல்லுவாள், "ஆளில்லாத கல்லறைன்னு தாண்டிப் போவாதடி, அதுக்கும் ஒண்ணு ஏத்து, இருட்டுல விடக் கூடாது." ஒன்றையும் விடாமல் ஏற்றிக்கொண்டே போன கை, அதே கைதான் இங்கே வந்து பிப்பெட்டைப் பிடித்தது, இந்தக் குழிக்கு ஒரு சொட்டு, அடுத்ததற்கு ஒரு சொட்டு... அடக் கடவுளே, கடைசி வரிசையையும் அது விட்டிருக்காது, ஒன்றும் கொடுக்கக் கூடாத வரிசைக்கும் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்திருக்கும். "நஜீபா, தப்பு என்னோடதுதான், மறுபடி முதல்லேருந்து செய்வோம்" என்றாள். நஜீபா தலையாட்டிவிட்டு உணவு ஊற்றி வைத்திருந்த வேறு செல்களைப் பார்க்கப் போனாள்.

எழுந்து ஜன்னலோரம் வந்தாள், கடல்காற்று, கீழே அம்பகரத்தூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, கை தன்பாட்டுக்குச் செய்திருக்கிறது, அவளுக்குத் தெரியவேயில்லை, தெரியாமலே செய்யுமா ஒரு கை? செய்கிறதே. அப்படியானால் அன்றைக்கு... வேண்டாம், அங்கே போகாதே, போய்விட்டது மனசு, கட்டில், சுவரோரம் தலைமாடு, அம்மாவின் அக்குளில் கைகொடுத்து கிளாட்வின், அவன் மோவாய் அம்மாவின் உச்சந்தலையில் இடிக்கிறது, பயந்துபோய்த்தான் இருந்தான், ம், தூக்கு என்றான், டக். தூக்கு என்று யாரிடம் சொன்னான்? சத்தம் கேட்டுத்தான் மற்றவர்கள் ஓடி வந்தார்கள், அறைக்குள் இருந்தது மூன்று பேர்தான், அம்மா, அவன், அவள், ஒடிந்தது தொடை, அவன் நின்றது தலைமாட்டில்.

போனை எடுத்தபோது கையுறையைக்கூடக் கழற்றவில்லை. ஒரே மணியில் எடுத்துவிட்டான், காத்திருந்திருக்கிறான். "கிளாட்வின், அன்னிக்கு அம்மா கால யாருடா புடிச்சிருந்தா?"

பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அத விடுக்கா" என்றான், "தூக்குன்னு சொன்னது நான்தானே."

இத்தனை வருஷமும் தெரிந்தே இருந்திருக்கிறான். குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது, யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை, பிள்ளையைத் தூக்குடா என்று சொல்ல வாயெடுத்தாள், தூக்கு என்கிற அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை.