பெயர்ப்பலகை

குழந்தைகளின் பனிச்சப்பாத்துகளைச் சோடி சேர்த்துச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தாள் ஜெயனி. நிர்வாகி சிவாஜினி எந்த நேரமும் கூப்பிடலாம். பார்க் எக்ஸ்டென்ஷனில், கார்டெரி என்கிற அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்கு இது கடைசி மாதப் பயிற்சி. முடித்தால் பாலர் ஆசிரியை.

டப்லெட் கணினியில் இருந்த செயலி வழியே குழந்தைகளைப் படமெடுத்துப் பெற்றோருக்கு அனுப்புவதும் அவள் வேலைதான். வந்த அன்றைக்கே சிவாஜினி அதை அவளிடம் நீட்டியிருந்தார்.

"எங்களுக்கு உந்த விசர்ச் சாமான் சரிவராது. உம்மைப்போல இளம்பிள்ளையளுக்குத்தான் உது."

செயலியின் கடவுச்சொல், கார்டெரியின் பெயரேதான். சமையல்காரப் பெண் உட்பட எல்லோருக்கும் அது ஒன்றே.

"அக்கா, இதை மாத்துவமே? ஆரும் லேசா ஊகிப்பினம். வகுப்பில படிப்பிச்சவை."

"மாத்தினா ஆர் ஞாபகம் வைச்சிருக்கிறது? இதென்ன பாங்குக் கணக்கே? சின்னனுகள் சோறு தின்னுற படம்."

நேற்றுப் பிள்ளைகளைக் கூட்டிப்போன பூங்காவில், அவர்களில் ஒருத்தியான மிலாவின் தகப்பன் நின்றார். மகளுக்குக் கிட்டப் போகக்கூடாதென்று நீதிமன்றம் சொல்லியிருந்த மனிதர். கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே நுழைந்து, படங்களைப் பார்த்தே பிள்ளைகள் வெளியே போகும் நேரத்தையும் இடத்தையும் அறிந்திருந்தார். ஜெயனி மிலாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழந்தையின் தொப்பி அவர் கையோடு போயிற்று. மிலாவின் அம்மாவுக்கு வேறிடம் கிடைக்கவில்லை. இன்றும் பிள்ளையை இங்கே விட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தார்.

"ஜெயனி, இஞ்சை வாரும்."

சிவாஜினி கதவைச் சாத்தினார். "பொலிஸ் கேக்குது. டப்லெட் உம்மட கையிலதானே இருந்தது?"

"நான் முதலே சொன்னனான் அக்கா."

"சொன்னனீர்தான். அதை நான் அவங்களுக்குச் சொன்னா இதை இழுத்துப் பூட்டிப்போடுவாங்கள். பயிற்சிப்பிள்ளை விட்ட பிழையெண்டு உங்கட கல்லூரிக்கு அறிவிச்சிட்டன். நாளைக்கு வரவேண்டாம்."

ஜெயனி டப்லெட்டை மேசையில் வைத்தாள்.

"போகமுன்னம் அதில நல்ல கடவுச்சொல் ஒண்டு போட்டுத் தாரும்."

போட்டுக் கொடுத்தாள்.

பஸ் தரிப்பில் இருட்டிவிட்டது. கூடப் படிக்கும் வித்தியாவுக்குக் குரல்பதிவு அனுப்பினாள். "வித்தியா, எனக்குப் பயமா இருக்கடி. பொலிஸ் வீட்டை வந்தா அம்மா என்னடி செய்வா? ஒஃபிஸ் ஒஃபிஸா நிலம் துடைச்செல்லே என்னைப் படிப்பிக்கிறா. நான் ஒண்டும் செய்யேல்லையடி. ஆர் நம்புவினம்?"

கைபேசி அடித்தது. சிவாஜினி.

"எங்கை நிக்கிறீர்? நீர் போட்டது பெரிய நீட்டு. எல்லாரும் அடிச்சு அடிச்சுக் களைச்சுப்போனம். ஒருமாதிரித் திறந்து பழையதையே போட்டாச்சு. சரியே?"

அவள் பதில் சொல்லுமுன் தொடர்பு அறுந்தது.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. அவளது கைபேசியைச் செயலியிலிருந்து ஒருவரும் நீக்கவில்லை, புதுப்படம் வந்திருந்தது. அம்மாவுக்காகக் காத்து, தொப்பியில்லாத தலையோடு வாசலில் மிலா. அவளுக்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தில், கார்டெரியின் பெயர்ப்பலகை முழுதாகத் தெரிந்தது.