மூடித் திறங்கப்பா

வாசலில் பாடைக்கு மூங்கில் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, செம்மொழி உள்ளறையில் அப்பாவின் லேப்டாப்பைத் திறந்தாள். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கூடத்தில் அப்பா சாமிதுரை மாலைகளுக்கு நடுவே கிடந்தார்.

இந்த நேரத்தில் இது என்ன வேலை என்று யாராவது கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்தது. நேற்று காலை பத்தேகாலுக்கு அப்பா போனில் கூப்பிட்டது இதற்காகவா, நெஞ்சுவலிக்காகவா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

லேப்டாப் முன்பு அவளுடையது. பழசாகி விண்டோஸை இழுக்க முடியாமல் திணறியபோது லினக்ஸ் போட்டு, பாபநாசம் பக்கத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தாள். தினம் காலையில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் பார்ப்பார், வாய்க்கால் தூர்வாரச் சொல்லி மனு அடிப்பார். ஒரே ஒரு குறை. மூடினால் தூங்கும், திறந்தால் விழிக்கும், ஆனால் படம் வராது. உடனே சென்னைக்குப் போன் பறக்கும். "இருட்டிக்கிச்சும்மா" என்பார், மகள்தான் வந்து சுவிட்சைப் போட வேண்டும் என்பது போல. மறுபடி மூடித் திறந்தால் பாதி நாள் சரியாகிவிடும். கம்பெனியில் நூறு சர்வர்களை மேய்க்கிறவளுக்கு அப்பாவின் ஒரு பெட்டியைச் சரிசெய்யத் துப்பில்லை. கெர்னலை மாற்றிப் பார்த்தாள், கிராஃபிக்ஸ் டிரைவரோடு மல்லுக்கட்டினாள், பொங்கலுக்கு வரும்போது உட்கார்ந்து பார்க்கிறேன் என்று தள்ளிப்போட்டாள்.

நேற்று மீட்டிங்கில் இருந்தாள். அப்பா பெயர் வந்ததும் கட் பண்ணிவிட்டு, பழக்க தோஷத்தில் வாட்ஸ்அப்பில் தட்டினாள்: "மூடித் திறங்கப்பா." இரண்டு டிக்கும் நீலமாயின. படித்திருந்தார். பதினொன்றரைக்கு அண்ணன் சேரன் கூப்பிட்டு அழுதான்.

படம் வராவிட்டாலும் வெறும் எழுத்துத் திரை வரும் என்று அவளுக்குத் தெரியும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று. கறுப்பில் வெள்ளை எழுத்துகள் எழுந்தன. மூடி எப்போது மூடியது, எப்போது திறந்தது என்று அந்த இயந்திரம் நொடி பிசகாமல் குறித்து வைத்திருக்கும். நேற்று பத்து மணி வாக்கில் ஒரே ஒரு திறப்பு இருந்தால் போதும். வேண்டாத தெய்வமில்லை. அந்தக் குறிப்பைக் காட்டும் கட்டளையை அடித்து என்டரை அழுத்தினாள்.

முந்தாநாள் இரவு எட்டு நாற்பதுக்கு மூடியிருந்தார். அடுத்த வரி இன்று, சற்றுமுன் அவள் திறந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

திரும்பத் திரும்பப் பார்த்தாள். அப்பா நேற்று இதைத் தொடவேயில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டிருக்கிறார். மகள் மூடித் திறக்கச் சொல்லியிருக்கிறாள். அதையும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்திருக்கிறார். செம்மொழிக்கு அழுகைகூட வரவில்லை.

அம்மா அம்சம் பின்னால் வந்து நின்றாள். நேற்று எட்டரைக்கே களையெடுக்கப் போனவள். தோள்பட்டை இழுக்கிறது என்று அவர் சொன்னதற்கு, தைலம் தேய்த்துக்கொண்டு படுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். விடிய விடிய அதையே சொல்லி அரற்றியவளுக்கு இப்போது குரல் கம்மியிருந்தது.

"உனக்குப் போன் போட்டாராமே. எதுக்குடி கூப்பிட்டாரு?"

திரையில் எழுத்துகள் அப்படியே நின்றன. அம்மாவுக்கு அதில் ஒன்றும் புரியாது.

"இதுக்குத்தாம்மா. படம் வரலைன்னு."

"எத்தனை மணிக்கு?"

"பத்தேகால்."

"அப்ப அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்காரு." அம்சம் சுவரில் சாய்ந்து நீளமாக மூச்சுவிட்டாள். "நான் போனப்ப வந்த வலி இல்ல இது. அப்பறந்தான் வந்திருக்கு. நீ என்ன பண்ணணும்னு சொன்னியா அவருக்கு?"

"சொன்னேம்மா."

வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். செம்மொழி கை நிறைய அரிசி அள்ளிக் குனிந்தாள். உதட்டில் தங்காமல் அது கன்னத்தில் சரிந்தது. அம்சம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கழுத்து மடிப்பில் விழுந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.