பதினோராவது துப்பாக்கி

எட்டாவது துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு, அதில் பொறித்திருந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மார்லிஸ் உரக்கப் படித்தாள். கட்டிலில் கிடந்த அவள் அப்பா வெர்லின் கண்ணைத் திறக்கவில்லை.

"அது ஸ்வீடன்காரன். கைப்பிடி வளையாம நேரா நிக்கும் பாரு," என்றார்.

போர்வைமேல் பரப்பியிருந்த போல்ட்டுகளில் நேரான கைப்பிடியுள்ள ஒன்றை எடுத்தாள். அதிலிருந்த எண்ணும் ஒத்துப்போனது. உள்ளே தள்ளிக் கைப்பிடியை மடக்கியதும் பூட்டிக்கொண்டது. இன்னும் மூன்று பாக்கி.

தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இந்த இரும்புத் துண்டு இல்லையென்றால் துப்பாக்கி வெறும் கட்டைதான். அதனால்தான் போன மாதம் அவள் அத்தனை போல்ட்டுகளையும் கழற்றினாள். புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது, இந்த மாதிரி வலியில் கிடப்பவர் கைக்கு எட்டுகிற இடத்தில் துப்பாக்கி இருக்கக்கூடாது என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் சொல்லியிருந்தாள். வெர்லின் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இந்தத் துப்பாக்கியெல்லாம் ஐம்பது வயசு தாண்டின கிழங்கள், அதுகளுக்கே நடக்க முடியாது என்று சிரித்தார். பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கான லைசன்ஸை மார்லிஸ் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து தவறாமல் புதுப்பித்து வந்தவர். ஈரத் துணியால் துப்பாக்கியின் மரத்தைத் துடைத்தாள் என்பதற்காக அம்மாவிடம் ஒரு வாரம் பேசாமல் இருந்த மனிதரும் அவர்தான்.

அவர் மருந்து மயக்கத்தில் தூங்கியபோது கழற்றியதையெல்லாம் ஒரு தலையணை உறையில் கொட்டி, கராஜில் மீன்பிடி சாமான்களுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். எது எதற்குரியது என்று பார்க்க அன்றைக்கு அவளுக்கு நிதானமில்லை. மறுநாள் வெர்லின் நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கி அறை வரைக்கும் போனார். வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. பெற்ற அப்பாவைத் திருடனைப் போல நடத்திவிட்டோம் என்ற நினைப்பில் அதற்குப் பிறகு அவர் முகத்தையே அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

இன்று காலையில்தான் அவராகப் பேச்செடுத்தார்.

"மத்தியானம் டுவேன் வரான். என் லைசன்ஸ் என்னோட முடிஞ்சிடும். அவன்கிட்டயும் அதே லைசன்ஸ் இருக்கு, எடுத்துட்டுப் போகட்டும். குறையில்லாமப் போகணும். நீ எடுத்து வச்சதைக் கொண்டா."

டுவேன் அவரைப் போலவே துப்பாக்கி சேகரிக்கிற சிநேகிதன். அவள் கழற்றி ஒளித்ததைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். பதினொன்றையும் சேர்த்து முடித்ததும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று மார்லிஸ் முடிவு செய்துகொண்டாள். அரைகுறை வேலையோடு அவரிடம் எதையும் பேச முடியாது. உயரமான ஸ்டூலில் ஏறி பிஸ்கட் திருடிய வயதிலிருந்தே அது அவளுக்குத் தெரியும்.

ஒன்பதும் பத்தும் சிரமமில்லாமல் சேர்ந்தன. இதற்குள் வெர்லினின் மூச்சுக்கு நடுவே இடைவெளி நீளத் தொடங்கியிருந்தது. பதினோராவது ஒரு ஜெர்மன் துப்பாக்கி. போர்வையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு போல்ட். அதன் எண் ஒத்துப்போகவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வேறு எண்தான். சரியானதைத் தொலைத்துவிட்டு, அவர் உபரியாக வைத்திருந்த எதையோ அள்ளிக்கொண்டு வந்துவிட்டோம் என்று நினைத்து, தலையணை உறையைத் திருப்பி உதறிப் பார்த்தாள்.

"ஜெர்மன்காரன்தானே?" என்றார் வெர்லின். "அது சேராது. விடு. வந்து உக்காரு."

ஒற்றைத் திருகாணிக்காக வட டகோட்டா மாநிலம் வரைக்கும் பனியில் வண்டி ஓட்டிப் போன மனிதர். துப்பாக்கி விஷயத்தில் அவர் வாயிலிருந்து 'விடு' என்ற சொல்லை அவள் கேட்டதே கிடையாது. தன்மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். அது அவளுக்கு இன்னும் வலித்தது.

"ரெண்டு நிமிஷம்ப்பா. கராஜ்லதான் விழுந்திருக்கும்."

"மார்லிஸ்."

"இருங்கப்பா, வந்துட்டேன்," என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டு ஓடினாள்.

கராஜில் கை விறைத்தது. தூண்டில் பெட்டிகளைக் கவிழ்த்தாள், ஏரிப் பனியைத் துளைக்கிற கருவியை நகர்த்தினாள், படுத்துக்கொண்டு காருக்கு அடியில் துடைப்பத்தை விட்டு இழுத்தாள். பழைய கையுறை ஒன்றும் எலிப் புழுக்கையும் வந்தன. கடைசியில், கிடைக்காவிட்டால் போகட்டும், போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள்.

உள்ளே வந்தபோது வெர்லினின் வாய் லேசாகத் திறந்திருந்தது. சற்று முன்னால் பார்த்த இடைவெளிதான் என்று அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். கையில் எண்ணெய்க் கறையோடு வெகுநேரம் நின்றாள். மூச்சு வரவில்லை.

டுவேன் வந்தபோது அவன் கையில் மனைவி இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்டுக் கொடுத்த ஹாட்டிஷ் தட்டு இருந்தது, சூடு போகாமல் துண்டால் சுற்றியிருந்தான். விஷயம் தெரிந்ததும் தட்டை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். நாற்பது வருஷச் சிநேகிதனின் கால் பக்கமாக நின்றான். நர்ஸுக்கும் இறுதிச் சடங்கு நிலையத்துக்கும் மார்லிஸ் சொல்லியாகிவிட்டது. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் டுவேன், சுவரோரம் சாய்த்திருந்த துப்பாக்கிகளைப் பழக்கதோஷத்தில் பார்க்க ஆரம்பித்தான்.

"எல்லாம் சரியாப் போட்டிருக்கியே," என்றான்.

"ஒண்ணு போச்சு. ஜெர்மன் துப்பாக்கியோட போல்ட்டைத் தொலைச்சுட்டேன். அதைத் தேடப் போனப்பதான்..." அவளால் மேலே சொல்ல முடியவில்லை.

டுவேன் கட்டிலில் கிடந்த போல்ட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"இதுதாம்மா அதோடது. நான்தான் உங்கப்பாவுக்கு வித்தேன். எங்க மாமா ஜெர்மனியில போர் முடிஞ்சு கொண்டாந்தாரு. கப்பல்ல ஏத்துறதுக்கு முன்னால எல்லாரும் போல்ட்டைக் கழட்டித் தனியாக் குவிக்கணும்னு உத்தரவாம். இறங்கினதும் அவனவன் கைக்கு வந்ததைப் பொறுக்கிட்டுப் போயிட்டான். இது என்னிக்குமே சேர்ந்தது இல்ல."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? அதைச் சொல்லித்தானே விலையைக் குறைச்சாரு."

"சொன்னாரு. விடுன்னுதான் சொன்னாரு. வந்து உக்காருன்னாரு," என்றாள். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

டுவேன் அவளைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ரோட்டுல ஐஸ் ஜாஸ்தி," என்றான். "எடுத்துட்டுப் போற வண்டி வர லேட்டாகும்."

"ஆகட்டும்," என்று மார்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.