தும்புக் கட்டுகளுக்கு நடுவே ஒரு கலியாணம்

பாலாவி வீதியில் றம்லாவும் கணவர் உசனாரும் சரக்கு வைக்கக் கட்டிய பெரிய ஸ்டோர் நான்கு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள் பார்த்துப் பார்த்துக் கட்டியது அது. கொரோனா வந்தபோது, அங்கே வாடகைக்கு டயர் வைத்திருந்த கொழும்புக்காரர் சாவியைத் திருப்பித் தந்தார். பிறகு நாட்டில் டீசலே இல்லாமல் போனது. லொறி ஓடாத ஊரில் ஸ்டோர் யாருக்கு வேண்டும்? கூரைத் தகரத்தைக் கழற்றி விற்கச் சொன்னவர்களும் உண்டு. "கழட்டுறதுக்கா கட்டினது?" என்று றம்லா அவர்களின் வாயை அடைத்துவிட்டாள்.

2024 தை மாதத்தில் மகள் றிஷ்னாவுக்குக் கலியாணம் கூடிவந்தது. வேறு மண்டபம் தேடாமல் ஸ்டோரையே கழுவி வெள்ளையடித்தார்கள்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் சிலாபத்திலிருந்து இன்னாசிப்பிள்ளை வந்து இறங்கினார். தென்னந்தும்பு ஏற்றுமதி செய்பவர்.

"தங்கச்சி, செங்கடல்ல கப்பலுகளுக்கு அடிக்கிறாங்கள். எல்லாக் கப்பலும் ஆபிரிக்காவைச் சுத்திப் போகுது. தும்பு ஏத்த எனக்கு வரவேண்டிய கொள்கலன் ஒண்டும் வரேல்ல. சிலாபத்தில ஸ்டோரெல்லாம் நிறைஞ்சிட்டு. மழையும் இருட்டுது. ஆறு லொறி தும்பு பின்னால வருது. உங்கட ஸ்டோரை வாடகைக்குத் தாங்க."

"ஞாயிறு இங்க கலியாணம், அண்ணன்."

அவர் வாசலைப் பார்த்தார். முதல் லொறி வந்து நின்றுவிட்டது. நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த ஆளைத் திருப்பி அனுப்ப றம்லாவுக்கு மனம் வரவில்லை. மகளின் நாளைக் கெடுக்கவும் முடியாது.

வர்ணக் கடதாசி ஒட்டிக்கொண்டிருந்த றிஷ்னாதான் வாய் திறந்தாள். "உம்மா, ஆம்புளப் பக்கத்துக்கும் பொம்புளப் பக்கத்துக்கும் நடுவுல மறைப்புக் கட்டணும்தானே. அந்த இடத்துல தும்புக் கட்டுகள அடுக்கச் சொல்லுங்களேன்."

மழைக்கு முன்னே ஸ்டோரின் நடுவில் தும்புச் சுவர் ஒன்று எழும்பியது. மிச்சக் கட்டுகள் பின்சுவரோடு ஏறின. நெருப்புப் பயத்தில் உசனார் பிரியாணி அடுப்பையெல்லாம் வீதிக்கு அந்தப் பக்கம் மாற்றினார்.

ஞாயிறன்று மாப்பிள்ளை றிஸ்கான் நிக்காஹுக்குச் சம்மதம் என்று கபூல் சொல்ல வாயெடுத்தான். தும்புத் தூசி ஏறி மூன்று தும்மல் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்தில் பெண்கள் சிரித்த சிரிப்பில் மௌலவியும் சிரித்துவிட்டார். இன்னாசிப்பிள்ளை லொறிக்காரர்களோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்.

விருந்துக்கு வந்த கற்பிட்டி வெங்காய வியாபாரி ஹிஸ்புல்லா, மாப்பிள்ளையை விடக் கூரையைத்தான் அதிகம் பார்த்தார். "கலியாணம் முடிஞ்சா மத்தப் பாதி சும்மாதானே கிடக்கும்?"

"நாளைக்கு வாங்க, கதைப்பம்," என்றாள் றம்லா. குரலில் சந்தோஷத்தை மறைக்க அவள் மெனக்கெடவில்லை.

மறுநாள் இன்னாசிப்பிள்ளையும் ஹிஸ்புல்லாவும் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். அடுத்த மாதத்துக்குள் பாலாவி வீதியில் ஸ்டோர் கட்டக் காணி விலை கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தகரத்தை விற்கச் சொன்ன அயல்வீட்டு அத்தாஉல்லாவும் தன் வளவில் ஸ்டோர் ஒன்றுக்கு அத்திவாரம் வெட்டினார். கட்டிடம் எத்தனை அடி உயரம் வேண்டும் என்று கேட்டு வந்த அவருக்கு, றம்லா தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்து எல்லாம் விளக்கிச் சொன்னாள்.