ஆள் வீட்டில் இல்லை

வக்கீல் வைக்காமல் அக்கா வழக்குப் போட்டது வீராப்பில் என்று யாரும் நினைக்க வேண்டாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருந்தால் அவள் வழக்கே போட்டிருக்க மாட்டாள். இருந்த பணத்தையெல்லாம் தூக்கித் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள், அதுதான் வழக்கே.

புருஷன் அவளைத் தலைமுழுகியபோது மொத்தமாகக் கொடுத்த பணம் அது. தம்பி லேத் பட்டறை வைத்திருந்தான். "பெரிய மெஷின் ஒண்ணு வாங்கிப் போட்டா ஆர்டர் கொட்டும்க்கா. ஆறே மாசத்துல திருப்பிடறேன்" என்றான். அவள் கேட்காமலே கடன் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். மெஷின் வந்தது, ஆர்டர் வரவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் அக்காவும் பெட்டியோடு அவன் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தாள்.

அறை என்று சொன்னால் அறைக்குக் கோபம் வரும். கட்டிலுக்கு அடியில் பட்டறையின் இரும்புத் தண்டுகள், மூலையில் எண்ணெய் டப்பாக்கள். அவள் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற கடையில் வேலை பார்த்தாள். சம்பளம் வந்த சூட்டோடு மளிகைக்குப் போய்விடும். பணத்தைக் கேட்டால் தம்பி உருகிப்போவான். "உனக்கு எதுக்குக்கா பணம்? இங்க உனக்கு என்ன குறை?" குறையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தால் தம்பி பெண்டாட்டியின் முகம் போகிற போக்கு சரியிருக்காது. அக்கா வாயை மூடிக்கொள்வாள்.

மளிகை தவிர அந்த வீட்டில் அவளுக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. தம்பி ஒரு இடம் பாக்கியில்லாமல் கடன் வாங்கி வைத்திருந்தான். வாசலில் மணி அடித்தால் போதும், அடுப்படிக்குள் புகுந்துவிடுவான். முன்னறைக்காரி அக்காதானே, அவள்தான் போவாள். ஆரம்பத்தில் நாக்கு குழறியது. போகப்போகத் தேறிவிட்டாள். "இப்பதான் கிளம்பினான். நீங்க கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று அத்தனை வருத்தத்தோடு சொல்வாள். "உங்களுக்குமா ஃபோன் எடுக்கல? எனக்கே எடுக்க மாட்டேங்கிறான்." கடன்காரர்கள் அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். "உங்க முகத்துக்காகத்தாம்மா பொறுத்துப் போறேன்" என்று இரும்புக்கடைக்காரர் ஒரு தடவை சொன்னார். அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இந்த மனசை என்னவென்று சொல்வது!

அப்போதுதான் சீட் கவர் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை காலியானது. ஒரு ஜன்னல், ஒரு குழாய், உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ளக் கதவு. அக்கா அந்தத் தாழைப் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தாள். "மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் விட மாட்டேன். அட்வான்ஸ் கொண்டா" என்றாள் முதலாளியம்மா. தம்பியிடம் கேட்டதற்கு, "பார்க்கலாம்க்கா" என்றான். அவன் பார்க்கலாம் என்றால் அந்தப் பேச்சுக்கு அன்றோடு காரியம் முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு நீதிமன்றத்துக்குப் போனாள். அவள் எழுதிக்கொண்டு போன மனு, "இவனை நான்தான் தூக்கி வளர்த்தேன்" என்று ஆரம்பித்தது. குமாஸ்தா பாதி படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"அழுகையெல்லாம் வேண்டாம்மா. எப்போ கொடுத்தீங்க, எவ்வளவு கொடுத்தீங்க, கேட்டதுக்கு என்ன சொன்னார். அதை மட்டும் எழுதுங்க."

படிக்கட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதினாள். அழுகையை எடுத்ததும் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. குமாஸ்தா வாதியின் முகவரியையும் பிரதிவாதியின் முகவரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே வீடா?"

"ஆமா சார்."

"ஒரே அடுப்பா?"

"ஆமா சார்."

"அப்போ வீட்லயே பேசித் தீர்த்துக்கக் கூடாதா?"

"வீட்லதான் சார் பேச முடியல."

அவர் முத்திரையைக் குத்தினார். "சம்மன் அவர் கைக்குப் போயிட்டாலே பாதிப் பேர் இறங்கி வந்துடுவாங்க. கொண்டு வர்றவருக்கு நீங்க ஆளை அடையாளம் காட்டணும். ஆள் கிடைக்கலைன்னாதான் இழுத்துக்கிட்டே போகும்."

ஆள் எங்கே போகப் போகிறான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். வீட்டில் மூச்சு விடவில்லை. தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் தினமும் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிடுவாள்.

ஒரு காலையில் மணி அடித்தது. தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு அடுப்படிக்குள் போனான். அக்கா கதவைத் திறந்தாள். தோளில் பையோடு ஒருவர் நின்றார்.

"லேத் பட்டறைக்காரர் வீடுதானே? கோர்ட்லேருந்து வரேன். இருக்காரா?"

வந்துவிட்டார். அக்கா வாயைத் திறந்தாள்.

"இப்பதான் கிளம்பினான். நீங்க கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

"எப்போ வருவாரு?"

"வெளியூர். எப்போன்னு சொல்லல." இதுவும் தானாகவே வந்தது.

அவர் காகிதத்தைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"அக்கா."

"வாதி நீங்கதானாம்மா?" குரலை இறக்கிக் கேட்டார், அதற்கப்புறம் உயர்த்தவேயில்லை. அவள் தலையாட்டினாள். அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க கேஸு. நீங்களே ஆள் இல்லைங்கறீங்க."

உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

"உள்ள யாரு?"

இப்போதாவது சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அவன் வாயில் சோற்றோடு, மெல்லாமல் நிற்பது இங்கிருந்தே அவளுக்குத் தெரிந்தது. அவனை இழுத்து வந்து மூன்றாம் மனுஷர் முன்னால் நிறுத்த அவளால் முடியவில்லை. தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"தம்பி பொண்டாட்டி" என்றாள்.

"அப்போ ஆள் இல்லைன்னு வாதியே சொன்னதா எழுதிக்கறேன். கையெழுத்துப் போடுங்க. நீங்க மறுபடி மனு கொடுத்து, மறுபடி வாய்தா வாங்கி, எப்படியும் ரெண்டு மூணு மாசம் ஆயிடும்."

அவள் கையெழுத்துப் போட்டாள். மாடி அறை போயிற்று.

கதவைச் சாத்தியதும் தம்பி வெளியே வந்தான். தப்பித்துவிட்ட சந்தோஷம் முகமெல்லாம்.

"நீ இல்லைன்னா நான் அவ்வளவுதான்க்கா! கோர்ட் வரைக்கும் போயிட்டானுங்களே. யாரு போட்டது, இரும்புக்கடைக்காரனா?"

"நான்தான்டா."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினான். தம்பி பெண்டாட்டி கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கத்துவான், பெட்டியைத் தூக்கித் தெருவில் போடுவான் என்று அக்கா காத்திருந்தாள். போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அவன் அவளுடைய கட்டிலிலேயே உட்கார்ந்தான். கட்டிலுக்கு அடியில் கிடந்த இரும்புத் தண்டைக் காலால் உருட்டினான். பிறகு தலையை நிமிர்த்தி, துளிக்கூடக் கோபமில்லாமல், நிஜமான கவலையோடு கேட்டான்.

"அந்த ஆளு மறுபடி வந்தா, வாசலுக்கு யாருக்கா போறது?"