தோளில் நாலு விரல்

மாதுமை அப்பாவை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்தாள். சித்தப்பாவின் முகம் திரையில் இருந்த சட்டத்துக்கு வெளியே போனது. கூடவே அப்பாவின் ஒரு காதும் போனது. திரும்ப இழுத்தாள். காது வந்தது, சித்தப்பாவின் கன்னமும் வந்தது.

கூடத்தில் அப்பா விஸ்வலிங்கம் பெட்டிக்குள் பேசாமல் படுத்திருந்தார். இங்கே அவருடைய அறையில், அவருடைய பழைய மடிக்கணினியில், மகள் அவரைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தாள்.

தம்பி ஹரிஷாந்துக்குப் பெர்த் நகரிலிருந்து விமானம் கிடைக்கவில்லை. அங்கிருந்தே இணையத்தில் ஒரு நினைவுப் பக்கத்தைத் தொடங்கிவைத்து, "படம் அப்பா லெப்டாப்புலதான் இருக்கு, நீயே போட்டுரு அக்கா, ஈசிதான்லா" என்று சொல்லிவிட்டான். ஈசியாம்! முதலில் படம் படுத்துக்கொண்டது. நிமிர்த்தினால் அகலத்தில் இழுபட்டு அப்பாவின் முகம் பூசணிக்காயானது. அதைச் சரிசெய்தால், படம் பெரிது என்று உள்ளே விடவே மறுத்தது. பொதுப்பணித் துறையில் காலமெல்லாம் கோடு பிசகாமல் வரைபடம் வரைந்த மனிதருக்கு இந்தக் கதி. மாதுமைக்கு மடிக்கணினியைத் தூக்கி ஜன்னல் வழியே எறியலாம் போலிருந்தது.

அம்மா புஷ்பராணி கதவருகே வந்து நின்றாள்.

"முடிஞ்சிச்சா?"

"வேற படம் போடலாமேம்மா."

"வேற எதுல சிரிச்சிருக்காரு? இதான் வேணும். அவன் வேணாம்."

அவன் என்றால் மகேந்திரன் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. ஆயர் தாவாரில் செம்பனைத் தோட்டம் போட்டிருக்கிறார். மாதுமையின் கல்யாணக் கார்டில் அவர் பெயர் இல்லாமல் போய்விட்டது. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்றாள் அம்மா. வேண்டுமென்றே விட்டது என்றார் சித்தப்பா. மண்டப வாசல்வரை வந்தவர், எல்லாருக்கும் கேட்கும்படி அம்மாவை நாலு வார்த்தை கேட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். அதோடு பேச்சு நின்றது.

மருத்துவமனையில் அப்பா கண் விழித்தபோதெல்லாம், "தம்பிக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார். "சொல்லியாச்சு" என்றாள் அம்மா. சொல்லவில்லை. இன்று காலையிலும் யாரையும் சொல்லவிடவில்லை. பெட்டியை மூடுவதற்குள் அந்த மனிதர் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட வேண்டாமா? அழுது வீங்கிய அம்மாவின் முகத்தைப் பார்த்து மாதுமை அதைக் கேட்காமல் விட்டாள்.

கடைசியில் காதும் தங்கியது, சித்தப்பாவும் போனார். அப்பாவின் தோளில் அவருடைய நாலு விரல்கள் மட்டும் போக மறுத்தன.

அம்மா குனிந்து பார்த்தாள். "இருக்கட்டும். விரல் யாருதுன்னு யாருக்குத் தெரியும்?"

மாதுமை பக்கத்தை வெளியிட்டு, சித்தப்பாவைச் சேர்க்காத சொந்தக்காரர் குழுவில் இணைப்பைப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

வெயில் ஏறியது. கூடாரத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்தன. தேவாரம் பாடுபவர் ஒரு பதிகத்தை முடித்துத் தண்ணீர் குடித்தபோது, அடுத்த வீட்டு முத்தம்மா அக்கா கைப்பேசியோடு வந்து மாதுமையின் கையைப் பிடித்தாள்.

"படம் நல்லா இருக்கு மாதுமை. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எப்படிச் சிரிக்கிறாங்க!"

மாதுமை அந்தக் கைப்பேசியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். முழுப் படமும் இருந்தது. சித்தப்பா பல் தெரியச் சிரித்துக்கொண்டு அப்பாவின் தோளில் கை போட்டிருந்தார்.

அறைக்கு ஓடினாள். நினைவுப் பக்கத்தில் கணினிக்கு ஓர் அமைப்பு, கைப்பேசிக்கு வேறோர் அமைப்பு என்று எந்தப் புண்ணியவானோ பிரித்து வைத்திருந்தான். இவ்வளவு நேரம் அவள் இழுத்ததெல்லாம் இந்தத் திரைக்கு மட்டும்தான். படத்தை அது வெட்டவேயில்லை, மறைத்து மட்டும் வைத்திருக்கிறது. கைப்பேசி அமைப்பைத் திறந்து, மறுபடி முதலிலிருந்து இழுத்தாள். கன்னம் போனது, மூக்கு போனது. சேமிக்கும் பொத்தான்மேல் விரல் நின்றது. அழுத்த மனம் வரவில்லை.

"அண்ணே!"

வாசலில் கேட்டது அந்தக் குரல்தான். மாதுமை கூடத்துக்கு வந்தபோது மகேந்திரன் சித்தப்பா பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அம்மா விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, போன்ல படத்த அனுப்பியிருந்தாங்க" என்றார் அவர். "கார்டுல விட்டுட்டீங்க. இதுல அண்ணன் பக்கத்துலயே போட்டிருக்கீங்க. இதுக்கு மேல நான் என்னா கோவத்த வச்சிக்கிறது, சொல்லுங்க?"

அம்மா மாதுமையைப் பார்த்தாள். இப்போதே வெடிக்கப்போகிறாள் என்று மாதுமை நினைத்தாள். அம்மா எழுந்து அடுக்களைக்குள் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து, மாதுமை திரும்பிப் போயிருந்த அறைக்கு அம்மா வந்தபோது அவள் கையில் ஒரு கோப்பை தேத்தண்ணி இருந்தது.

"நீ கூப்பிட்டியா?"

"இல்லம்மா. போன்ல அதுவா முழுசாக் காட்டிருச்சு."

அம்மா திரையைப் பார்த்தாள். "இதுல அவரு இல்லையே."

அவரு! சற்று முன் அவன் என்றவள்தான். கூடத்தில் சித்தப்பா சின்னப் பிள்ளை மாதிரி அழுவது இங்கே வரை கேட்டது.

"இதுலயும் கொண்டு வா" என்றாள் அம்மா.

"ரெண்டு பேருக்கும் இது பத்தாதும்மா. முகம் சின்னதாயிடும்."

"ஆகட்டும்லா."

கோப்பை தளும்பாமல் மெல்ல நடந்து அம்மா வெளியே போனாள்.

மாதுமை கைப்பேசி அமைப்பைச் சேமிக்காமல் மூடினாள். கணினி அமைப்பில் படத்தைச் சுருக்கினாள். இரண்டு பக்கமும் வெள்ளையாக இடம் விழுந்தது, அசிங்கமாகத்தான் இருந்தது. அப்படியே சேமித்தாள்.

அவள் கூடத்துக்கு வந்தபோது மூடியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் காத்திருந்தார்கள். சித்தப்பா அப்பாவின் தோளிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அவர் பக்கத்து நாற்காலியில் கோப்பை இருந்தது. அடியில் கொஞ்சம் தேயிலைத் தூள் மட்டும் ஒட்டியிருந்தது.